பூசைப் பாட்டுக்குச் சினிமா மெட்டு: எங்கே நிறுத்துவது?

பாடகர்குழு_திண்டுக்கல் | ஞாயிறு, இரவு 9.12

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

ஒரு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி, ஆதாரத்தோடு வரட்டும்.

எங்கள் பங்கில் அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பூசை. பெண் வீட்டார் பாட்டுப் பட்டியலோடு வந்தார்கள். வருகைப் பாடலில் தொடங்கி நன்றிப் பாடல்வரை எல்லாமே சினிமா மெட்டு. வரிகளை மட்டும் யாரோ மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காணிக்கைப் பாடலுக்கு அந்தச் சிரமமும் இல்லை. படத்தில் காதலன் காதலியைப் பார்த்துப் பாடுவதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பாட வேண்டுமாம். "ஆண்டவரை நினைத்துக்கொண்டு கேட்டால் ஆண்டவருக்கும் பொருந்துகிறதே" என்கிறார் பெண்ணின் தாய்மாமன்.

பங்குத்தந்தை முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். தாய்மாமன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு பழைய படப் பாட்டை ஓடவிட்டார். எழுபதுகளில் வந்த படம். புதன்கிழமைதோறும் சகாய மாதா நவநாளில் ஊரே சேர்ந்து பாடுகிறோமே, அந்தப் பாட்டு! பல்லவி, நடுவில் வரும் வயலின் துணுக்கு, சரணத்தில் குரல் ஏறும் இடம், எல்லாம் அச்சு அசல். "இது மட்டும் எப்படிச் சாமி உள்ளே வந்தது?" என்று கேட்டார். ஃபாதர் பதில் பேசவில்லை.

இப்போது எங்கள் குழு இரண்டு கட்சியாக நிற்கிறது. நவநாள் பாட்டையும் தூக்கி எறிய வேண்டும் என்கிறது ஒன்று. அதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டை மட்டும் மறுப்பது ஓரவஞ்சனை என்கிறது இன்னொன்று. திருச்சபை இதில் என்னதான் சொல்கிறது?

---

ஓய்வுபெற்ற உபதேசியார் | ஞாயிறு, இரவு 10.05

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22, செசிலியம்மாள் திருநாளன்று, பரிசுத்த தந்தை பத்தாம் பத்திநாதர் எழுத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்: நாடக மேடையின் பாணி கோவிலுக்குள் நுழையக் கூடாது. அன்றைக்கு இத்தாலியில் பூசை இசையே ஆபரா என்னும் இசை நாடகத்தின் சாயலில் இருந்தது. பாடகர் தம் குரல்வளத்தைக் காட்டுவார், குருவானவர் பீடத்தில் காத்துக்கொண்டு நிற்பார். அதை ஒழிக்கத்தான் அந்த ஆணை வந்தது. அவர்களுக்கு ஆபரா, நமக்குச் சினிமா. வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் பாடகர் குழுவை நடத்திய காலத்தில் ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், அவ்வளவுதான் வாத்தியம். பாட்டின் வரி கடைசிப் பெஞ்சுவரை தெளிவாகக் கேட்கும். இப்போது திருவிருந்து நேரத்தில் கண்ணை மூடினால் டூரிங் கொட்டகையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

---

மறைக்கல்வி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.31

உபதேசியார் ஐயா, அந்த ஆவணத்தை இன்னும் சில பத்திகள் தள்ளிப் படியுங்கள். பெண்கள் பாடகர் குழுவில் சேரக் கூடாது என்று அதே ஆவணம்தான் சொல்கிறது. மேல் குரல் வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பியானோ கூடாது, மத்தளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளும் கூடாது. ஆக, நீங்கள் பெருமையாகச் சொல்லும் மிருதங்கமும் அன்றைய கணக்குப்படி வாசலுக்கு வெளியேதான். 1903-ஐ முழுசாக எடுப்பதாக இருந்தால், எங்கள் பங்கில் வரும் ஞாயிற்றுக்கிழமை பாட ஆளே இருக்காது.

---

ஓய்வுபெற்ற உபதேசியார் | ஞாயிறு, இரவு 10.40

டீச்சரம்மா, பெண்கள் பாடுவது பிறகு அனுமதிக்கப்பட்டது, எனக்கும் தெரியும். கேளிக்கை இசை வரலாம் என்று எந்தப் பாப்புவும் இன்றுவரை சொல்லவில்லை. அதைத்தான் சொன்னேன்.

---

பழைய சுவடி | திங்கள், காலை 6.48

இரவே பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் நீளும் என்று விட்டுவிட்டேன். நீளத்தான் போகிறது.

மெட்டு எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தால் நம் கோவில்களில் பாதிப் பாட்டு மிஞ்சாது. பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஒரு தெருப் பாட்டு இருந்தது. "ஆயுதம் தாங்கிய ஆளுக்கு அஞ்ச வேண்டும்" என்று தொடங்கும். பக்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மெட்டை அடித்தளமாக வைத்து நாற்பது பூசை இசைக்குக் குறையாமல் எழுதியிருக்கிறார்கள். தூஃபாய் எழுதினார், ஜோஸ்கான் இரண்டு எழுதினார். திருச்சபை இசைக்கு இலக்கணம் என்று போற்றப்படும் பாலஸ்த்ரீனாவும் இரண்டு எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். 1562-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், ஆர்கனிலோ பாட்டிலோ காமமும் அசுத்தமும் கலந்த இசை கோவிலுக்குள் கூடாது என்று தீர்மானம் போட்டது. பாலஸ்த்ரீனா அந்த மெட்டை வைத்து எழுதிய முதல் பூசை அச்சானது 1570-இல், தீர்மானத்துக்குப் பிறகு. அதே பாலஸ்த்ரீனா 1584-இல் விவிலியத்தின் "இனிமைமிகு பாடல்" நூலுக்கு இசையமைத்து பதின்மூன்றாம் கிரகோரியாருக்குக் காணிக்கையாக்கினார். அதன் முன்னுரையில், காதல் கவிதைகளுக்கு முன்பு இசையமைத்ததை நினைத்து வெட்கப்படுகிறேன், வருந்துகிறேன் என்று எழுதினார். மனிதர் உண்மையிலேயே வருந்தினாரா, பாப்பரசரிடம் காரியம் ஆக வேண்டியிருந்ததா என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. நம் லுத்தரன் சகோதரர்கள் புனித வெள்ளியில் "இரத்தம் காயம் குத்தும்" என்று பாடுவார்கள். முள்முடி சூடிய தலையைப் பார்த்துப் பாடும் அந்த மெட்டு ஐரோப்பியக் கத்தோலிக்கப் பாட்டுப் புத்தகங்களிலும் உண்டு. இசையமைப்பாளர் பாக்கின் "மத்தேயு பாடுகள்" இசையில் திரும்பத் திரும்ப வரும். அதை உண்டாக்கியவர் ஹாஸ்லர், ஆண்டு 1601. எதற்காக உண்டாக்கினார் தெரியுமா? ஒரு பெண்ணால் தன் மனம் கலங்கிப்போய்விட்டது என்று ஒருவன் புலம்பும் காதல் பாட்டுக்காக. இன்று அந்த மெட்டைக் கேட்டு யாருக்கும் அந்தப் பெண் நினைவுக்கு வருவதில்லை.

கல்யாணத்துக்கு வருவோம். மணப்பெண் வாசலில் நின்றதும் கீபோர்டில் ஒரு மெட்டு வாசிப்பார்களே, சினிமாப் பாட்டே ஆகாது என்கிற பங்குகளில்கூட? அது வாக்னர் ஓர் ஆபராவுக்கு எழுதியது. 1850-இல் மேடையேறியது. அந்த ஆபராவில் அந்தத் திருமணம் அன்றிரவே முறிந்துபோகிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது வாசிக்கும் இன்னொரு மெட்டு மெண்டெல்சோன் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்துக்காக எழுதியது. மந்திர மூலிகைச் சாற்றால் காதலர்கள் ஆள் மாறிப்போகும் கதை அது. இரண்டும் மேடை இசை. ஐரோப்பாவிலிருந்து வந்த மேடை இசை பக்தி, தமிழில் வந்த சினிமா இசை பாவம் என்றால் தாய்மாமனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

---

கீபோர்டுக்காரன் | திங்கள், பகல் 1.20

சுவடி ஐயா, வாக்னர் விஷயம் எனக்குப் புதிது. வாசித்துப் பல கல்யாணங்களை முடித்துவைத்திருக்கிறேன். தம்பதிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பழி கடைசியில் வந்து விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். திருவிழாவுக்குக் கொடியேறப் பத்து நாள் இருக்கும்போது ஆள் அனுப்புவார்கள். "பாதுகாவலருக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும், சப்பரம் சுற்றும்போது பாட வேண்டும்." பாட்டெழுதும் ஆள் ஊரில் இருப்பார். மெட்டுப் போடும் ஆள் இருக்க மாட்டார். எழுதுகிறவருக்கு அளவு வேண்டுமே, அதற்காக மனத்தில் ஓடும் ஒரு படப் பாட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். பிறகு மெட்டை மாற்றலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஒத்திகைக்கே நாள் போதாது, அந்த மெட்டே நின்றுவிடும். உங்கள் நவநாள் பாட்டும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே "வர்ணமெட்டு" என்று போட்டு, எந்தப் பாட்டின் மெட்டு என்பதை வெளிப்படையாகவே அச்சடிப்பார்கள். அவர்களுக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசக் காணோம். தவக்காலத்தில் எங்கள் ஃபாதர் ரிதம் போடவே விடமாட்டார். சுருதிக்கு ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, பாட்டுக்குத் துணையாக மெல்ல வாசிக்க வேண்டும். எனக்கு வேலையே இல்லை, சம்பளம் மட்டும் அதே. ஆனால் ஆண்டு முழுவதிலும் மக்கள் வாய்விட்டுப் பாடுவது அந்த நாற்பது நாள்தான். சிலுவைப்பாதையில் கிழவிகள் பாடுவது ஒலிபெருக்கியை மீறிக் கேட்கும். உயிர்ப்புத் திருவிழா இரவில் நான் ரிதத்தைத் தட்டிய நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

---

குருமட மாணவன் | திங்கள், இரவு 8.55

ஆதாரம் கேட்டிருந்தீர்கள், அண்ணா. தெரிந்த வரையில் சொல்கிறேன்.

கீபோர்டு அண்ணன் சொன்ன தவக்கால ஒழுங்கு அந்த ஃபாதரின் சொந்த விருப்பம் அன்று. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனையிலேயே இருக்கிறது: தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டுமே வாத்தியம் வாசிக்கலாம். தவக்கால நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு.

பூசையில் எல்லாப் பாட்டும் ஒரே தரம் அன்று. வானவர் கீதத்தின் சொற்களை மாற்றக் கூடாது. "அதே கருத்துத்தானே" என்று வேறு பாட்டை அந்த இடத்தில் வைக்கவும் கூடாது. பதிலுரைப் பாடல் திருப்பாடலாகத்தான் இருக்க வேண்டும். வருகை, காணிக்கை, திருவிருந்து ஆகிய இடங்களில் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அங்கேயும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு நிபந்தனை வைக்கிறது: வரிகள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்தவையாக, பெரும்பாலும் மறைநூலிலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுத்தவையாக இருக்க வேண்டும். திருமணச் சடங்கு நூலின் முன்னுரையும், பாடல்கள் திருச்சபையின் விசுவாசத்தை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே காதல் வரியை மாற்றாமல் காணிக்கைக்குப் பாடும் யோசனை எந்த வழியிலும் நிற்காது. அந்த இடத்தில் பங்குத்தந்தை செய்ததுதான் சரி.

மெட்டு மட்டும் சினிமா, வரி திருவிவிலியம் என்றால்? "சினிமா மெட்டுக்குத் தடை" என்று உலகத் திருச்சபையின் விதி எதையும் நான் படித்ததில்லை. மறைமாவட்ட அளவில் சுற்றறிக்கை இருக்கலாம், உங்கள் ஆயர் இல்லத்தில் கேளுங்கள். நெருங்கி வருவது 1967-ஆம் ஆண்டின் திருஇசை அறிவுரை. மக்களின் பொதுக் கருத்திலும் வழக்கிலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிட்ட கருவிகளை வழிபாட்டிலிருந்து விலக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அது கருவிகளைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் அதன் அளவுகோலை மெட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பிறந்த இடத்தை அது கேட்கவில்லை, கேட்கிறவர் காதில் இன்று என்ன ஒலிக்கிறது என்பதைக் கேட்கிறது. ஹாஸ்லரின் மெட்டு அந்தச் சோதனையில் தேறிவிடும். போன தீபாவளிக்கு வந்த படத்தின் மெட்டு தேறாது.

உபதேசியார் ஐயாவுக்கு ஒன்று: திருச்சபை சினிமாவைப் பகையாகப் பார்க்கிறது என்ற எண்ணம் வேண்டாம். 1936-இல் பதினொன்றாம் பத்திநாதரும் 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதரும் திரைப்படத்தைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார்கள். எச்சரிக்கை நிறையவே உண்டு, ஆனால் இறைவன் தந்த கொடை என்ற மதிப்பும் உண்டு. 1963 டிசம்பர் 4 அன்று வத்திக்கான் சங்கம் முதன்முதலாக வெளியிட்ட இரண்டு ஆவணங்களில் ஒன்று திருவழிபாட்டைப் பற்றியது, மற்றொன்று சினிமா, வானொலி, தொலைக்காட்சி உள்ளிட்ட தொடர்புச் சாதனங்களைப் பற்றியது. இரண்டும் ஒரே நாள். சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைப் பட்டியலிட்டது. மத்தேயு நற்செய்தியை வைத்து மார்க்சியரான பசோலினி எடுத்த படமும் அதில் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற உபதேசியார் | திங்கள், இரவு 9.20

தம்பி நன்றாகப் படித்திருக்கிறார். சினிமாவை நானும் வெறுக்கவில்லை. திருச்சியில் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவன் நான். கொட்டகையில் பார்ப்பதைப் பூசையிலும் கேட்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

---

தப்பிசை | செவ்வாய், காலை 7.30

"மக்களின் பொதுக் கருத்து" என்று குருமடத் தம்பி எழுதியிருக்கிறார். எந்த மக்கள்?

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். என் தாத்தா காலத்தில் பறையைக் கோவில் வளாகத்துக்குள் கொண்டுவரவே விடமாட்டார்கள். காரணம் கேட்டால், அது சாவு வீட்டு வாத்தியம், பொதுக் கருத்து அப்படித்தான் என்று பதில் வரும். ஆர்கன் வரலாம், கிளாரினெட் வரலாம், பேண்டு செட் சப்பரத்துக்கு முன்னால் போகலாம். கீபோர்டு வந்தபோது யாரும் ஆவணம் எதையும் புரட்டவில்லை. பறைக்கு மட்டும் பொதுக் கருத்து குறுக்கே நின்றது. அதை வாசிக்கிறவர் யார் என்பதுதான் உண்மையான காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்குச் சுவர் எழுப்பிய சபை நம்முடையது.

தொண்ணூறுகளில் தலித் கிறித்தவர் போராட்டங்கள் வலுத்த பிறகுதான் பல பங்குகளில் பறை காணிக்கைப் பவனிக்கு வந்தது. இன்று எங்கள் பாதுகாவலர் திருவிழாவில் வானவர் கீதத்துக்குப் பறைதான். பொதுக் கருத்து தானாக மாறவில்லை, மாற்றினோம்.

ஆகவே அந்த அளவுகோலைப் பிடிக்கும்போது அது யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். சினிமா மெட்டு மட்டமானது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கர்நாடக இராகத்தில் போட்டால் பக்தி என்பார்கள். கச்சேரி மேடையும் மேடைதானே?

---

மன்னார்க் கடல் | செவ்வாய், பிற்பகல் 3.10

வணக்கம். மன்னாரிலிருந்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டே வந்தேன், சும்மா போக மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் தவக்காலத்துக்கென்றே ஒரு மெட்டு மரபு இருக்கிறது. கோவாவிலிருந்து 1705-இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் ஓதுகிறோம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. அடிகளார் 1742-இல் காலமாகிவிட்டார். இன்றைக்கும் பெரிய வாரத்தில் வயதானவர்கள் அதை இழுத்து ஓதும்போது, செத்த வீட்டு ஒப்பாரிக்கும் அதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். கேட்டு அழாத ஆட்கள் குறைவு. அந்த ஓசையை உரோமையிலிருந்து யாரும் அனுப்பிவைக்கவில்லை, எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து போனது.

நாட்டுக்கூத்தும் வாசாப்பும் அப்படித்தான். மூவிராசாக்கள், எஸ்தாக்கியார் கதைகளை அண்ணாவியார் பழக்கி, இரவு முழுக்க ஆடுவார்கள். ஒரே மெட்டில் ஏரோதும் பாடுவான், ஞானிகளும் பாடுவார்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று. கூத்துக்குக் கோயில் முற்றத்தில் கொட்டகை போடுவோம். முற்றத்துக் கூத்தைத் திருப்பலிக்குள் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு ஒரு கௌரவமான இடம் இருந்தது, அதனால் உள்ளே நுழையத் தேவை வரவில்லை. உங்கள் கல்யாண வீட்டாருக்கு முற்றத்தில் இடம் கொடுத்தீர்களா? மண்டபத்தில் அந்தப் பாட்டை உங்கள் குழுவே பாடிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

---

வேளாங்கண்ணி நடைப்பயணம் | செவ்வாய், மாலை 6.02

மன்னார் அண்ணன் சொன்ன முற்றத்துக்கு எங்களிடம் பெயர் நெடுஞ்சாலை. ஆகஸ்டு கடைசியில் கொடியேற்றத்துக்கு முன்னால் காவி உடுத்துக் கிளம்புவோம். கூட வரும் வேனில் ஒலிபெருக்கி, அதில் மாதா பாட்டு. நூற்றுக்குத் தொண்ணூறு சினிமா மெட்டுத்தான். பாண்டிச்சேரி தாண்டிக் காலில் கொப்புளம் வந்த பிறகு, கிரகோரியன் இசையில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். குத்துப் பாட்டு மெட்டு ஒன்று போட்டால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் நடப்போம். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

---

குருமட மாணவன் | செவ்வாய், மாலை 6.40

அண்ணா, உங்களுக்குத் துணைக்குப் பாப்பரசர் ஆறாம் பவுலே இருக்கிறார். 1975-இல் எழுதிய திருமடலில் எளிய மக்களின் பக்திக்குத் தனி இடம் கொடுத்தார். பிரான்சிஸ் 2013-இல் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். 2001-இல் வந்த பொதுமக்கள் பக்தி வழிகாட்டி, அந்தப் பக்தியும் திருவழிபாடும் ஒன்றோடொன்று குழம்பாமல் இசைந்து போக வேண்டும் என்கிறது. நடைப்பயணத்துக்கு ஓர் ஒழுங்கு, பூசைக்கு வேறு ஒழுங்கு.

---

சட்டக் கல்லூரி | செவ்வாய், இரவு 8.15

இடையில் ஒரு சந்தேகத்துக்குப் பதில், தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். படப் பாட்டைக் கல்யாணத்தில் பாடினால் இசை நிறுவனம் வழக்குப் போடுமா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் பாடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலமும் அதையொட்டிய நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். ஆனால் வரி மாற்றிய பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. பங்குச் சேனலுக்கு அறிவிப்பு வந்த பிறகு முழிக்க வேண்டாம்.

---

மறைக்கல்வி டீச்சர் | செவ்வாய், இரவு 9.48

எல்லோரும் மெட்டின் பூர்வீகத்தைத் துருவிக்கொண்டிருக்கிறோம். கீபோர்டுத் தம்பி ஓரமாகச் சொல்லிவிட்டுப் போனதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் மக்கள் பாடுகிறார்கள், உயிர்ப்பு இரவில் வாயை மூடிக்கொள்கிறார்கள். வழக்கே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழுத்திச் சொன்னது மக்களின் முழுமையான பங்கேற்பை. நம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கொஞ்சம் பாருங்கள். பாடகர் குழுவுக்கு நான்கு மைக், அதில் எதிரொலி வேறு வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் இருப்பவர் கையில் புத்தகம் இல்லை, திரையில் வரி ஓடுகிறது, அதுவும் பாதிப் பாட்டுக்கு ஓடுவதில்லை. அவர் என்ன செய்வார்? கச்சேரி கேட்பார். புதுப் படத்து மெட்டை எடுத்துவந்தால் அந்தக் கச்சேரி முழுமையாகிவிடுகிறது. அந்த மெட்டு ஒரு பெரிய பாடகரின் குரலுக்காகப் போடப்பட்டது. நடுவில் நீண்ட இடையிசை, சட்டென்று மேலே தாவும் சரணம். அதைத் தேர்ந்த குரல் பாடும், சபை பாட முடியாது. நான்கு பேர் பாட, நானூறு பேர் பார்க்கிறார்கள். மெட்டு தேவாலயத்திலேயே பிறந்து வளர்ந்ததாக இருந்தாலும் எனக்கு அதே குறைதான்.

இந்தக் கண்ணோட்டத்தில் திண்டுக்கல் அண்ணனின் இரண்டு பாட்டும் வேறு வேறு வழக்கு. நவநாள் பாட்டை ஊரே பாடுகிறது, புத்தகம் இல்லாமல், கீபோர்டு வராத நாளிலும் பாடுகிறது. அது எப்போதோ மாதாவின் பாட்டாகிவிட்டது, இருக்கட்டும். கல்யாணப் பட்டியலில் உள்ள பாட்டுகளை அன்றைக்கு ஒருவரும் பாடப்போவதில்லை, வீடியோக்காரர் மட்டும் நன்றாகப் படம்பிடிப்பார்.

தப்பிசைத் தம்பி கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. பறை வந்த பிறகு உங்கள் ஊர்ச் சபை வாய்திறந்து பாடியதா இல்லையா? பாடியது என்றால் எந்தப் பொதுக் கருத்தும் அதைத் தடுக்க நியாயமில்லை.

---

தப்பிசை | செவ்வாய், இரவு 10.02

பாடியது. காது கிழிந்தது.

---

ஓய்வுபெற்ற உபதேசியார் | புதன், காலை 5.55

டீச்சரம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நவநாள் பாட்டை அவ்வளவு எளிதில் விடமாட்டேன்.

திண்டுக்கல் தம்பி அந்தப் படத்தின் பெயரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பினார். நான் பார்த்த படம். கதாநாயகி மஞ்சள் சேலையில் ஊஞ்சலாடிக்கொண்டு பாடுவாள். உங்கள் நானூறு பேருக்கும் மாதா தெரியலாம். எனக்கு அந்த மெட்டைக் கேட்டால் ஊஞ்சல்தான் தெரியும். என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் புதன்கிழமை முழங்காலில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மறந்தவர்களுக்கு அது செபம், மறக்காதவர்களுக்குப் பராக்கு. நாங்கள் எல்லோரும் செத்த பிறகு பாடிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன், அது ஒரு நேர்மையான பதில்.

---

பழைய சுவடி | புதன், காலை 8.10

உபதேசியார் ஐயாவின் ஊஞ்சலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஹாஸ்லர் காதல் பாட்டு போட்ட சில ஆண்டுகளிலேயே, 1613-இல், அதே மெட்டைச் சாவுக்கு ஏங்கும் ஒரு செபப் பாட்டோடு சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். காதல் பாட்டைக் கேட்டவர்கள் அப்போதும் உயிரோடு இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கோவில் பெஞ்சில் உட்கார்ந்து நெளிந்திருப்பார் என்பதை இதுவரை நான் யோசித்ததில்லை.

வீரமாமுனிவர் கித்தேரி அம்மாளுக்கு அம்மானை எழுதியபோது, அது பெண்கள் காய் ஆடிக்கொண்டே பாடும் வடிவம். தேம்பாவணியின் விருத்தத்தை ரசித்த புலவர்களில் யாராவது அதற்கும் முகம் சுளித்திருக்கலாம்.

---

பாடகர்குழு_திண்டுக்கல் | வியாழன், இரவு 9.30

நேற்று நவநாள் முடிந்ததும் ஃபாதரோடும் பெண் வீட்டாரோடும் உட்கார்ந்தோம். மன்னார் அண்ணன் சொன்ன முற்றம்தான் கை கொடுத்தது. காதல் பாட்டு மண்டபத்துக்குப் போகிறது, மாலை போட்டு மேடையில் நிற்கும்போது எங்கள் குழுவே பாடுகிறது. மற்ற சினிமா மெட்டுகள் பூசையில் இல்லை. வருகைக்கும் திருவிருந்துக்கும் ஊர் முழுக்கத் தெரிந்த இரண்டு பாட்டு, பதிலுரைப் பாடல் திருப்பாடலிலிருந்து. வாக்னரும் கிடையாது என்று ஃபாதர் சொன்னதும் மணப்பெண்ணுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அதை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று அவள் கெஞ்ச, பெல் அடிப்பதற்கு முன்னால், பூசை தொடங்காத நேரத்தில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் இறங்கிவந்தார். தாய்மாமன் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணத்தில் தாய்மாமன் முறுக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

நவநாள் பாட்டு முடிவாகவில்லை. உபதேசியார் ஐயா எழுதியதை ஃபாதருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "எனக்கும் இனிமேல் ஊஞ்சல்தான் தெரியப்போகிறது" என்றார். அதே வரிகளுக்குப் புது மெட்டுப் போட ஆள் தேடச் சொல்லியிருக்கிறார். கிடைக்கும்வரை பழையதே. குழுவில் பாதிப் பேர் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்கள்.

அவசரமாக ஓர் உதவி. 128-ஆம் திருப்பாடல், "ஆண்டவருக்கு அஞ்சி நடப்போர் பேறுபெற்றோர்", சபை ஒரு தடவை கேட்டுத் திருப்பிப் பாடும்படி எளிய மெட்டு யாரிடமாவது இருக்கிறதா?

---

கீபோர்டுக்காரன் | வியாழன், இரவு 9.52

என்னிடம் ஒன்று இருக்கிறது. ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும், தாவல் இல்லை, மோகனத்தின் சாயல். மூன்று கட்டையில் வையுங்கள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாட வரும். எந்தப் படத்திலும் வராதது என்று என்னால் உறுதிகொடுக்க முடியாது, மோகனத்தில் வராத படமே கிடையாது. குரலில் பாடி அனுப்புகிறேன், கீபோர்டு சேர்க்கவில்லை. சபைக்குப் பழக்கும்போதும் முதல் இரண்டு தடவை கீபோர்டு இல்லாமல் பழக்குங்கள், மைக்கை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

---

ஓய்வுபெற்ற உபதேசியார் | வியாழன், இரவு 10.01

அனுப்பும்போது எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன்.